சம்ப்பில் எதைப் போடுவது? ஹைப்போ, பிளீச்சிங் பவுடர், மாத்திரை, யுவி, ஓசோன்: வேகத்தை வைத்து ஓர் ஒப்பீடு

சென்னையில் லாரித் தண்ணீரையோ போர் தண்ணீரையோ நம்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு எதுவானாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு எழும். யார் வீட்டிலாவது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கும், உடனே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பிளீச்சிங் பவுடரே போதும் என்பார் ஒருவர். அதெல்லாம் அந்தக் காலம், ஓசோன் மெஷின் வையுங்கள் என்று ஏதோ ஒரு விற்பனையாளரின் விளம்பரத் தாளை அனுப்புவார் இன்னொருவர். எங்கள் வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, நான் ஏன் பணம் தர வேண்டும் என்று ஒதுங்கிக்கொள்பவரும் உண்டு. கடைசியில் மூன்று கொட்டேஷன் வாங்கி, நடுவிலிருக்கும் விலையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நான் வேதியியல் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் குடியிருப்பில் இந்த வேலை என் தலையில் விழுந்தது. அப்போது யோசித்ததையும் கணக்குப் போட்டதையும் எழுதி வைக்கிறேன். என் கட்சி இதுதான்: விலையை வைத்தோ, எது 'பவர்' அதிகம் என்று கேட்டோ இதை முடிவு செய்ய முடியாது. இரண்டு வேகங்களைப் பார்க்க வேண்டும். கிருமி எவ்வளவு வேகமாகச் சாகிறது என்பது ஒன்று, போட்ட மருந்து எவ்வளவு வேகமாகத் தீர்ந்துபோகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே தண்ணீருக்குள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. பள்ளிக்கூடத்தில் வினைவேகம் என்ற பாடத்தில் படித்துவிட்டு மறந்த சமாச்சாரம்தான்.

முதலில் கிருமி சாகிற கணக்கு. 1908-இல் ஹாரியட் சிக் என்ற அம்மையார், லண்டனில், கிருமிநாசினியில் போட்ட நுண்ணுயிரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்து விழுவதில்லை, ஒரு வேதிவினை நடப்பதைப் போலவே அவற்றின் எண்ணிக்கை குறைகிறது என்று காட்டினார். அதாவது முதல் நிமிடத்தில் பத்தில் ஒன்பது செத்தால், அடுத்த நிமிடத்தில் மிச்சமிருப்பதில் பத்தில் ஒன்பது சாகும், அதற்கடுத்த நிமிடத்தில் அந்த மிச்சத்திலும் அப்படியே. அதே வருஷம் வாட்சன் என்பவர் கிருமிநாசினியின் செறிவையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தார். (அதே 1908-இல்தான் அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியின் குடிநீருக்கு ஜான் லீல் குளோரின் போட ஆரம்பித்தார் என்பது ஒரு சுவாரசியமான பொருத்தம்.) இன்று நீர்த்துறைக்காரர்கள் 'சிடி' என்று சொல்வது இந்த இருவரின் வழி வந்ததுதான்: லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து மிஞ்சி நிற்கிறது, அது எத்தனை நிமிடம் கிருமியோடு இருக்கிறது, இரண்டையும் பெருக்கினால் வருகிற எண். 0.5 மில்லிகிராம் குளோரின் 30 நிமிடம் இருந்தால் சிடி 15. ஒரு மில்லிகிராம் 15 நிமிடம் இருந்தாலும் அதே 15.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும். 25 டிகிரி தண்ணீரில் வைரஸில் 99.99 சதவீதத்தை ஒழிக்கத் தனிக் குளோரினுக்கு (அதாவது அம்மோனியா போன்ற எதோடும் சேராமல் நிற்கும் குளோரினுக்கு) தேவையான சிடி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அட்டவணைப்படி, வெறும் 2. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியில் 99.9 சதவீதத்தை ஒழிக்க அதே வெப்பநிலையில் 40 முதல் 50 வரை வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணிக்கோ 15,300. தப்பாக அடிக்கவில்லை, பதினைந்தாயிரத்து முந்நூறுதான். 0.5 மில்லிகிராம் குளோரினை வைத்து அதைச் சாதிக்க மூன்று வாரம் தண்ணீரைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் இந்த ஒட்டுண்ணியால் ஏறத்தாழ நாலு லட்சம் பேருக்கு வயிறு கெட்டது. அந்த ஊர்த் தண்ணீரில் குளோரின் இருக்கத்தான் செய்தது.

ஆக, குளோரின் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் எமன், ஜியார்டியாவுக்கு நேரம் கொடுத்தால் எமன், கிரிப்டோவுக்கு ஒன்றுமில்லை.

இந்த எண்கள் நிலையானவையும் அல்ல. தண்ணீர் 10 டிகிரி சூடானால் தேவையான சிடி ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. குளிர்நாட்டுக்காரர்கள் 5 டிகிரி தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறார்கள், நம் சம்ப்பிலோ தண்ணீர் எப்போதும் 28, 30 டிகிரியில் இருக்கிறது. அந்த விஷயத்தில் நமக்கு யோகம்தான். ஆனால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நம்மைக் கவிழ்த்துவிடும். குளோரினை எந்த உருவத்தில் போட்டாலும் தண்ணீரில் அது ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் ஹைப்போகுளோரைட் அயனியாகவும் பிரிந்து நிற்கும். கிருமியைக் கொல்வதில் முன்னது பின்னதைவிடப் பல பத்து மடங்கு வேகம். பிஎச் 7-இல் முக்கால் பங்கு அமிலமாக இருக்கும், 7.5-இல் பாதி, 8-இல் கால், 8.5-இல் பத்தில் ஒன்று. நம் போர் தண்ணீர் 8-ஐத் தொடுவது சர்வ சாதாரணம். பிஎச் 7 ஆனாலும் 8 ஆனாலும் டெஸ்ட் கிட் ஒரே நிறத்தைத்தான் காட்டும், ஆனால் கொல்கிற வேகம் வேறு. உலக சுகாதார நிறுவனம் '30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்' என்று சொல்லும்போது 'பிஎச் 8-க்குக் கீழே' என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்தப் பின்பாதியை யாரும் படிப்பதில்லை.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

பிளீச்சிங் பவுடர். எல்லோரும் அறிந்தது, நாட்டுமருந்துக் கடையில்கூடக் கிடைக்கும். புதிதாக வாங்கினால் எடையில் முப்பது சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். 12,000 லிட்டர் லாரிக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட வேண்டுமென்றால் 24 கிராம் குளோரின், அதாவது 80 கிராம் பவுடர். கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் அந்த முப்பது சதவீதம் எத்தனை நாள் முப்பதாக இருக்கும் என்பதுதான் கேள்வி. காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் பட்டுக்கொண்டே இருந்தால் அது சுண்ணாம்பாகிக்கொண்டே வரும். மோட்டார் ரூமில் வாய் கட்டாமல் கிடக்கும் மூட்டையில் கையை விட்டுப் பாருங்கள், பொலபொலவென்று இருக்க வேண்டியது கட்டி கட்டியாக இருக்கும், மூக்கைத் துளைக்க வேண்டிய நெடியும் இருக்காது. அதைத்தான் வாட்ச்மேன் ஒரு மக்கில் அள்ளி, சம்ப் மூடியைத் திறந்து, மேலாகத் தூவிவிட்டுப் போவார். கரையாத சுண்ணாம்பு அடியில் தங்கும், தூவிய இடத்தைச் சுற்றி மட்டும் குளோரின் தூக்கலாக இருக்கும், பம்ப் உறிஞ்சுகிற மூலைக்கு அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. பவுடரைப் போடுவதாக இருந்தால் வாளியில் கரைத்து, தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும், லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் விழும்போதே அதோடு சேர்த்து ஊற்ற வேண்டும். இதைத் தினமும் ஒழுங்காகச் செய்கிற ஆள் உங்களிடம் இருந்தால் பவுடர் மோசமில்லை. எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட ஆள் கிடைப்பதில்லை.

திரவ ஹைப்போ. சோடியம் ஹைப்போகுளோரைட், கேனில் 10 சதவீதம் என்று வரும். அதே லாரிக்கு 240 மில்லி. திரவம் என்பதால் சின்ன டோசிங் பம்ப்பை மாட்டி, சம்ப்புக்கு வரும் குழாயிலேயே சொட்டுச் சொட்டாகக் கலக்க வைக்கலாம். கலப்பதற்கு வேறு முயற்சியே வேண்டாம், ஓடுகிற தண்ணீரே கலக்கிவிடும். இதன் பலவீனம் கேனுக்குள்ளேயே இருக்கிறது. ஹைப்போ தனக்குத்தானே சிதைந்து குளோரேட்டாகவும் உப்பாகவும் மாறுகிறது, அந்தச் சிதைவு இரண்டாம் படி வினை, அதாவது செறிவின் இருமடியைப் பொறுத்து வேகம் மாறும். நம்மைப் பொறுத்தவரை அதில் இரண்டு விஷயம் முக்கியம். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவு 3 முதல் 4 மடங்கு வேகமாகும். செறிவைப் பாதியாக்கினால் சிதைவின் வேகம் நாலில் ஒன்றாகும், பாதி ஆயுள் (இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம்) குறைந்தது இரட்டிப்பாகும். இதை அறியாமல், மலிவாகக் கிடைக்கிறதே என்று வருஷத்துக்கு வேண்டிய கேன்களை ஒரே நேரத்தில் வாங்கி மொட்டைமாடி ஷெட்டில், தகரக் கூரைக்கடியில், அடுக்குகிறார்கள். சித்திரை வெயிலில் அந்த ஷெட்டுக்குள் 40 டிகிரியைத் தாண்டும். வைகாசியில் ஒரு கேனை எடுத்தால் பக்கங்கள் உப்பியிருக்கும், மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று காற்று வரும். அது குளோரின் வாயுவாக இருக்குமோ என்று பயப்படுவார்கள், பெரும்பாலும் ஆக்சிஜன்தான், சிதைவின் ஒரு கிளை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: லேபிளில் 10 என்று இருக்கிறது, உள்ளே 5 கூட இருக்காது. ஆள் அதே 240 மில்லியைத்தான் ஊற்றிக்கொண்டிருப்பார்.

குறைந்துவிட்டதே என்று அளவை இரட்டிப்பாக்கினால் குளோரின் சரியாகிவிடும், ஆனால் கூடவே குளோரேட்டும் சேர்ந்து போகும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது, வந்த அன்றே ஆர்ஓ தண்ணீர் சேர்த்துப் பாதியாகக் கலக்கிவிடுவது (கடின நீரில் கலக்கினால் சுண்ணாம்பு படியும்), கீழ்த்தளத்தில் நிழலில் வைப்பது, இரும்பு, செம்பு, நிக்கல் எதுவும் படாமல் பார்த்துக்கொள்வது. இந்த உலோகங்கள் துளியூண்டு இருந்தாலே சிதைவை ஊக்கிவிடும். வேலை அவ்வளவுதான்.

மாத்திரை. இரண்டு ஜாதி இருக்கிறது, கடைக்காரர்கள் இரண்டையும் 'குளோரின் மாத்திரை' என்றே தருவார்கள். சோடியம் டைகுளோரோஐசோசயனூரேட் மாத்திரை குடிநீருக்கானது. வெள்ளத்தின்போது வீடு வீடாகக் கொடுப்பார்கள், அலுமினியத் தாளில் அடைத்தது வருஷக்கணக்கில் கெடாது. தண்ணீரில் அதிலுள்ள குளோரின் ஒரு பகுதி சயனூரிக் அமிலத்தோடு ஒட்டியே நிற்கும். தனிக் குளோரின் செலவாகச் செலவாக அந்த ஒட்டியிருப்பது அவிழ்ந்து வந்து சமநிலையைச் சரிக்கட்டும். ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. வீட்டில் குடம், டிரம் அளவில் இதைவிட வசதியானது எதுவுமில்லை. ஆனால் தினமும் லாரி லாரியாக வாங்குகிற குடியிருப்புக்கு விலை கட்டுப்படியாகாது. இன்னொரு ஜாதி, நீச்சல்குளத்தில் மிதக்கவிடும் பெரிய வெள்ளை வில்லை, டிரைகுளோரோ வகை. அதை வாங்கி ஓவர்ஹெட் டேங்கில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கரையும் வேகம் அதைச் சுற்றித் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இரவில் ஓட்டமில்லாத டேங்கில் வில்லையைச் சுற்றிக் குளோரின் தேங்கி நிற்கும், காலையில் முதலில் குழாய் திறக்கிறவருக்கு நீச்சல்குளத்தில் குளிக்கிற பாக்கியம் கிடைக்கும், பத்து மணிக்குத் திறக்கிறவருக்கு ஒன்றுமிருக்காது. குடிநீருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வில்லையைப் பிளீச்சிங் பவுடரோடு ஒரே டப்பாவில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஈரம் பட்டால் வெடிக்கும்.

ஓசோன். காகிதத்தில் இதுதான் ராஜா. ஜியார்டியாவுக்கு 25 டிகிரியில் குளோரின் சிடி நாற்பதுக்கு மேல் என்று சொன்னேன் அல்லவா, ஓசோனுக்கு 0.48. ஏறத்தாழ நூறு மடங்கு வேகம். விற்பனையாளர் இந்த ஒரு எண்ணைத்தான் காட்டுவார், பொய்யும் இல்லை. ஆனால் இரண்டாவது வேகத்தைக் கேளுங்கள்: சுத்தமான தண்ணீரிலேயே ஓசோனின் பாதி ஆயுள் சில பத்து நிமிடங்கள்தான், வெப்பமும் பிஎச்சும் ஏற ஏற இன்னும் சுருங்கும், கரிமப்பொருள் இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சம்ப்பில் ஓசோன் விட்டால், அந்தத் தண்ணீர் ஓவர்ஹெட் டேங்குக்கு ஏறும்போது ஓசோன் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. பாசி பிடித்த டேங்க், துருப்பிடித்த குழாய், மூடி சரியாக மூடாத மேன்ஹோல், எல்லாவற்றையும் அந்தத் தண்ணீர் பாதுகாப்பின்றிக் கடக்க வேண்டும். இது போதாதென்று கடலோரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய இடங்களில் புரோமைடு இருக்கும், ஓசோன் அதைப் புரோமேட்டாக்கும், அதற்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மாங்கனீசு உள்ள தண்ணீரில் ஓசோன் கூடிப்போனால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், பெர்மாங்கனேட் உருவாகிவிட்டது என்று அர்த்தம். பெரிய சுத்திகரிப்பு நிலையத்தில் தனிக் கலன் கட்டி, வெளியேறும் வாயுவை அழிக்கும் கருவி வைத்து, கடைசியில் குளோரினும் சேர்த்துச் செய்கிறார்கள். அங்கே அது அருமையான முறை. அறுபது வீட்டுக் குடியிருப்பின் மூடிய சம்ப்புக்குள் ஓசோனை விட்டு, அதைக் கழுவ ஆளை இறக்குவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

யுவி, அதாவது புற ஊதா ஒளி. இதற்கும் அதே சிக் கணக்குதான், மருந்தின் செறிவுக்குப் பதில் ஒளியின் செறிவு. சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் என்பது வழக்கமான அளவு. கிரிப்டோவில் 99.9 சதவீதத்தை அடக்க 12 போதும்! குளோரினுக்குப் பதினைந்தாயிரம் கேட்ட அதே ஒட்டுண்ணி. மாறாக அடினோவைரஸ் யுவிக்கு அடங்காது, 186 வேண்டும், அது குளோரினுக்குச் சட்டென்று சாகும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கிறது. ஆனால் யுவியால் எஞ்சுவது எதுவுமில்லை, விளக்கைத் தாண்டிய அடுத்த நொடி தண்ணீர் அநாதைதான். கலங்கல் தண்ணீரில் ஒளி நுழையாது, கடின நீரில் குவார்ட்ஸ் குழாய்மீது சுண்ணாம்பு படிந்து ஒளியை மறைக்கும், விளக்கு நீலமாக எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு வருஷத்தில் அதன் வீரியம் குறைந்திருக்கும். இதன் இடம் சமையலறைக் குழாயடி, டேங்கின் வாசல் அல்ல.

கொதிக்க வைப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தளதளவென்று கொதித்தால் வயிற்றைக் கெடுக்கும் இந்தக் கிருமிகள் செத்துவிடும், குடிக்கிற தண்ணீருக்கு இன்றும் அதுவே முதல் தரம். குளிக்க, பாத்திரம் கழுவ, பல் துலக்க அது உதவாது.

இந்த ஐந்தையும் ஒப்பிட்டுவிட்டால் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் தேர்வைத் தீர்மானிப்பது தண்ணீருக்குள் குளோரினுக்காக வரிசையில் நிற்கும் மற்ற ஆட்கள். கிருமிக்கு முன்னால் அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில். கரைந்திருக்கும் இரும்பு குளோரினைக் கண்ட மாத்திரத்தில் வினைபுரியும், ஒரு மில்லிகிராம் இரும்புக்கு 0.6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் குளோரின் போகும், சம்ப்பிலேயே பழுப்பு வண்டலாக இறங்கிவிடும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடும் அப்படித்தான், அவசரக்காரன், அளவிலும் பேராசைக்காரன். மாங்கனீசு சாவகாசமாக மணிக்கணக்கில் வினைபுரியும். அதனால் சம்ப் பளிச்சென்று இருக்கும், ஓவர்ஹெட் டேங்கின் அடியிலும் ஃபிளஷ் டேங்கின் உள்ளேயும் கறுப்பாகப் படியும், பிளம்பரைக் கூப்பிட்டுப் 'பைப்புதான் கெட்டுப்போச்சு' என்று சொல்ல வைப்பார்கள். பைப்பில் கோளாறு இல்லை. வினை முடிய எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லோரையும்விட மோசமான ஆள் அம்மோனியா. கழிவுநீர் கசிந்த கிணற்றிலிருந்து வரும் லாரித் தண்ணீரில் இது இருக்கும். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீன் ஆகும் வினை நம் தண்ணீரின் பிஎச்சில் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், கிருமிக்கு வாய்ப்பே கிடைக்காது. குளோரமீனும் கிருமிநாசினிதானே என்று கேட்கலாம். 25 டிகிரியில் வைரஸுக்குத் தனிக் குளோரின் சிடி 2 என்றேன், குளோரமீனுக்கு 497. ஏறத்தாழ 250 மடங்கு மெதுவு. பல குடியிருப்புகளில் இன்னும் மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்தை வைத்துச் சோதிக்கிறார்கள், அது தனிக் குளோரினையும் குளோரமீனையும் சேர்த்தே காட்டிவிடும். மஞ்சள் வந்துவிட்டது, எல்லாம் நலம் என்று நோட்டில் டிக் அடிப்பார்கள். டிபிடி மாத்திரை கிட் வாங்குங்கள். முதல் மாத்திரைக்கு உடனே இளஞ்சிவப்பு வந்தால் தனிக் குளோரின் இருக்கிறது. முதலுக்கு வெளிறி நின்று, மூன்றாம் எண் மாத்திரை போட்டதும் திடீரென்று செக்கச் சிவந்தால் உங்கள் குளோரின் முழுவதும் அம்மோனியாவிடம் அடமானத்தில் இருக்கிறது. அதை மீட்க ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரின் போட்டு உடைக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே 12,000 லிட்டர் லாரிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைப்போ ஆகும். அதற்குப் பதில் அந்த லாரியைத் திருப்பி அனுப்புவது மலிவு. இந்தியத் தரநிலை அம்மோனியாவுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், கேட்டால் காட்டலாம்.

ஆகவே எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன் ஒரு வாளிச் சோதனை செய்யுங்கள். பத்து லிட்டர் உங்கள் தண்ணீர், அதில் ஒரு சதவீதமாக நீர்க்கச் செய்த ஹைப்போ 2 மில்லி, அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம். கலக்கி, மூடி, இருட்டில் வைத்து, ஐந்து நிமிடம், அரை மணி, நாலரை மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு 1.2, 1.0, 0.5 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடத்தில் போன 0.8 இரும்பு வகையறாக்களின் பங்கு. அப்புறம் நாலு மணி நேரத்தில் ஒன்று பாதியாகியிருக்கிறது, அது கரிமப்பொருளின் நிதானமான பங்கு, முதல் படி வினை போலவே நடக்கும். இதே வேகத்தில் போனால் எட்டு மணி நேரத்தில் 0.25, பன்னிரண்டு மணி நேரத்தில் 0.125. தரநிலை கேட்பது குழாயடியில் குறைந்தபட்சம் 0.2. இரவு ஏற்றிய தண்ணீரைக் காலையில் பிடிக்கும் வீடுகளுக்கு அது கிடைக்காது.

இங்கேதான் எல்லோரும் டோஸைக் கூட்டச் சொல்வார்கள். நான் டேங்க் மட்டத்தைக் குறைக்கச் சொல்வேன். வெயிலில் நிற்கும் கறுப்பு சின்டெக்ஸ் டேங்கில் தண்ணீர் சுடச்சுட இருக்கும்போது குளோரின் தேய்வதும் வேகமாகிறது, ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற வேண்டாத பொருட்கள் சேர்வதும் வேகமாகிறது. கிருமி நிமிடங்களில் சாகிறது, இவை மணிக்கணக்கில் உருவாகின்றன. தண்ணீரை அரை நாளுக்குமேல் தேக்காமல், ஃப்ளோட்டைத் தாழ்த்தி ஒரு நாளைக்குக் கூடுதலாக ஒரு தடவை மோட்டார் போட்டால் இரண்டும் சரியாகும், செலவும் கிடையாது. அப்படியும் கடைசி மாடிக்கு எட்டவில்லை என்றால் மட்டும் மேலே இரண்டாவது சிறு டோஸ். ஒன்று மட்டும்: ட்ரைஹாலோமீத்தேனுக்குப் பயந்து குளோரினையே நிறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பல வருஷக் கணக்கில் வரக்கூடிய சிறிய ஆபத்துக்கு அஞ்சி, இந்த வாரமே வரக்கூடிய காலராவை வீட்டுக்குள் விடுவது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

சம்ப்பின் அமைப்பையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். லாரிக் குழாய் விழுகிற இடமும் மோட்டார் உறிஞ்சுகிற இடமும் ஒரே மூலையில் இருந்தால் 20,000 லிட்டர் சம்ப்பாக இருந்தாலும் புதுத் தண்ணீர் சில நிமிடங்களில் மேலே போய்விடும், சிடி கணக்கில் போட்ட 30 நிமிடம் காகிதத்தில்தான் இருக்கும். குழாயை எதிர்மூலைக்கு நீட்ட ஒரு நாள் பிளம்பர் கூலி போதும். எந்த ஓசோன் மெஷினையும்விட நல்ல முதலீடு.

எங்கள் குடியிருப்பில் கடைசியில் முடிவானது: சம்ப்புக்கு வரும் குழாயில் டோசிங் பம்ப்போடு பாதியாகக் கலக்கிய ஹைப்போ, வாரம் இருமுறை கீழ்த்தளத்திலும் மேல்மாடியிலும் டிபிடி சோதனை, குடிநீருக்கு அவரவர் வீட்டில் யுவியோ கொதிநீரோ. ஆர்ஓ வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதிலிருக்கும் கார்பன் வடிகட்டி குளோரினைத் தின்றுவிடும், தின்னத்தான் வேண்டும், இல்லையென்றால் சவ்வு கெடும். ஆனால் அதற்கப்புறம் ஆர்ஓவின் உள்தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குக் காவல் எதுவும் கிடையாது. ஊருக்குப் போய்விட்டு வந்தால் அந்தத் தொட்டியை வடித்துவிட்டுப் பிடியுங்கள்.

உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். மெட்ரோ தண்ணீர் மட்டுமே வருகிற, ஒரே நாளில் தீர்ந்துபோகிற சின்னக் குடியிருப்பு என்றால் அதில் ஏற்கெனவே குளோரின் இருக்கும், அளந்து பார்த்து 0.2-க்கு மேல் இருந்தால் எதையும் போட வேண்டாம். நாலைந்து வீடுகள் மட்டும் இருக்கிற இடத்தில், பொறுப்பான ஆளும் இருந்தால், டோசிங் பம்ப் வீண் செலவு, பிளீச்சிங் பவுடர் தெளிவே போதும்.

பவுடருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதில் அதை மிஞ்ச எதுவுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடையும் மழைநீரும் கலந்து சம்ப்புக்குள் இறங்கிவிட்டால், தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் போட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். 10,000 லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிலோ பவுடர். மறுநாள் அந்தத் தண்ணீரை மழைநீர்க் கிணற்றிலோ செடிகளுக்கோ திறந்துவிடாதீர்கள். மொட்டைமாடியில் வடிகுழாயை அடைத்து ஆழமில்லாமல் பரப்பி வைத்தால் வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் உடைத்துவிடும், மேகமூட்டமாக இருந்தால் மறுநாள்வரை ஆகலாம். டிபிடியில் நிறம் வராத பிறகு வடியுங்கள்.